சரிகை சுற்றிய திருப்புளி

குழந்தைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் ஒரு பெரிய சண்டை. காரணம் ஒரு ஸ்க்ரூடிரைவர்!

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. நான் பட்டு நெய்யும் தறிக்கு மேலே தொங்கும் பல்பு விட்டுவிட்டு எரிந்தது. சுவிட்சுக்குள் ஒரு திருகு லூஸ். முகூர்த்தப் புடவை, கடைசி முழம் பாக்கி... அவசரம்.

"நான் பாத்துக்கறேன் மாமா" என்று என் மனைவியின் தம்பி ஏகாம்பரம் திருப்புளியோடு வந்தான். தட்டை முனை, நல்ல எஃகு. ஆனால் மரப்பிடி உடைந்து போயிருந்தது. வெறும் கம்பியின் மேல் சரிகையைச் சுற்றிப் பளபளவென்று பிடி செய்திருந்தான்!

"இன்னாடா இது?"

"பட்டுல கரண்டு ஏறாது மாமா. உனக்குத் தெரியாதா?"

ஏறாதுதான். காய்ந்த பட்டு, காய்ந்த மரம், பிளாஸ்டிக் — இவற்றில் மின்சாரம் பாயாது. ஆனால் சரிகை? உள்ளே பட்டு நூல்தான், ஆனால் அதைச் சுற்றி இருப்பது வெள்ளி ஆயிற்றே! எஃகைவிட வெள்ளியில் இன்னும் நன்றாகப் பாயும். வெறும் கம்பியாக இருந்தாலாவது பயந்து தொடுவான். இப்போது தைரியமாகத் தொடுவானே!

சொன்னேன். கேட்டால்தானே? சுவிட்சு மூடியையே கழற்றிவிட்டான்.

ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டின் பின்கட்டில் குடியிருப்பவர்களுக்கும் அதே மெயின். அங்கே ரேடியோ நின்றது.

"யாருப்பா அது? நாடகம் கேட்டுக்கினு இருக்கறோம்ல!" என்று பின்கட்டுக்காரர் கத்தினார்.

லாந்தர் வெளிச்சத்தில் ஏகாம்பரம் திருகை முடுக்கினான். "ஆச்சு. ஃபியூஸைக் குடு."

"மாட்டேன். மொதல்ல அந்தச் சரிகையப் பிரி. நாளைக்கு வேற எங்கனா போய்த் தொடுவே."

"என்னங்க, எல்லாரும் பாக்கறாங்க..." என்றாள் என் மனைவி. பார்க்கட்டுமே!

டார்ச் செல்லையும் சின்ன பல்பையும் எடுத்தேன். நடுவில் கம்பிக்குப் பதில் ஒரு துண்டுச் சரிகை. பல்பு எரிந்தது.

"டார்ச்சு வேற, கரண்டு வேற" என்றான்! ஆனாலும், பின்கட்டுக்காரரின் சத்தம் தாங்காமல் சரிகையைப் பிரித்து எறிந்துவிட்டுப் போனான். அப்புறம்தான் ஃபியூஸைப் போட்டேன்.

குழந்தைகளே, தட்டை முனையோ நட்சத்திர முனையோ, கம்பி எஃகுதான். பிடியில் வெடிப்போ ஈரமோ இருந்தால் ஆபத்து. புதுப் பிடியானாலும் முதலில் மெயினை நிறுத்தவேண்டும். நீங்கள் சுவிட்சைத் தொடவே வேண்டாம். பெரியவர்கள் தொடப் போனால், "மெயினை நிறுத்தியாச்சா?" என்று கேளுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்... மறுபடியும் கேளுங்கள்.

ஏகாம்பரம் இன்னும் என்னோடு பேசவில்லை. போகட்டும் — கோபித்துக்கொள்ள ஆள் முழுசாக இருக்கிறானே!