ஹென்றியின் பதினொரு செக்கன்

மொன்றியலில் தொண்ணூறுகளில் கலியாணம் கட்டிய தமிழரில் பாதிப்பேர் வீட்டில் ஹென்றி அண்ணை எடுத்த வீடியோ இருக்கும். சாமத்திய வீடு, முதல்நன்மை, பிறந்தநாள், திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆனால் ஒன்றிலும் அவர் இல்லை. கமெராவைத் தோளில் வைத்திருப்பவன் படத்தில் எப்படி வருவான்? நான் அரியரத்தினம், அவருக்குப் பக்கத்தில் லைட் பிடித்தவன். என் முழங்கையாவது சில கசெற்றுகளில் வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் மனைவி திரேசம்மா அக்காவைப் பற்றி. மன்னார் பேசாலையில் பிறந்தவர். எண்பத்தொன்பதில் இரண்டு வயது மகன் றொசானை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கினார். டவுன்டவுனில் ஒரே கட்டடத்தின் ஏழு மாடிகளை இருபத்தாறு வருடம் கூட்டித் துடைத்தார். கோயிலில் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வேறு வழியில்லாதவளுக்குத்தான் ஊர் அந்தப் பட்டத்தைக் கொடுக்கிறது.

ஹென்றி அண்ணை வாரநாட்களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். தொண்ணூற்று நாலில் அந்தக் கடைக்குள் ஓர் அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் படம் பிடித்தார்கள். கதை நடப்பது நியூயோர்க்கில், எடுப்பது மலிவான மொன்றியலில். குசினிக்குள் துப்பறிபவர் வரும்போது பின்னால் நிற்கிற ஆள் தன் பாஷையில் எதையாவது சத்தமாகச் சொன்னால் நல்லது என்றாராம் இயக்குநர். அண்ணை சூப்பை அகப்பையால் தொட்டு நக்கிவிட்டு, "உப்புக் காணாது. ஆரப்பா இதைச் சாப்பிடுறது?" என்று சொல்லிச் சிரித்தார். வீட்டில் ஒவ்வொரு நாளும் அக்காவுக்குச் சொல்கிற அதே வசனம். மொத்தம் பதினொரு செக்கன்.

அது ஒளிபரப்பான அன்று அண்ணை கசெற்றில் பதிந்து வைத்தார். எல்லோருடைய கசெற்றுக்கும் வடிவான எழுத்தில் பெயர் ஒட்டுகிற மனிதன், தன்னுடையதுக்கு ஒட்டவில்லை. "என்ர மூஞ்சிக்கு லேபல் ஒரு கேடோ?" என்றார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். அக்கா குசினியில் நின்று, "உப்புக் காணாட்டி நீங்களே வந்து சமையுங்கோ" என்று கத்துவார். அண்ணை சொல்வதுபோலவே சொல்லிக் காட்ட எனக்கும் வரும். கலியாண வீடுகளில் நான் அந்தக் குரலை எடுத்தால் சபையே சிரிக்கும்.

தொண்ணூற்று ஒன்பது நவம்பரில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயது.

செத்தவீட்டை வீடியோ எடுப்பது எங்கள் வழக்கம். வர முடியாத சொந்தம் ஊரிலும் ஜெர்மனியிலும் இருக்கிறதே, அவர்கள் பார்க்க வேண்டும். எடுக்க என்னைவிட்டால் ஆர்? முதல்நாள் பார்வைக்கு வைத்ததிலேயே கொண்டுபோன கசெற்றுகள் முடிந்துவிட்டன. அடுத்தநாள் காலையில் வீட்டுக்குப் போய், அண்ணையின் றாக்கையில் கீழ்த்தட்டிலிருந்து பெயரில்லாத ஒன்றை எடுத்தேன். பெயரில்லாதது என்றால் வெறுங்கசெற் என்பதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த கணக்கு. கமெராவுக்குள் போட்டேன். பூசையையும் சேமக்காலையில் மண் போட்டதையும் ஒழுங்காக எடுத்தேன். என் வாழ்நாளில் கை நடுங்காமல் எடுத்த ஒரே வீடியோ அது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. செத்தவீட்டு வீடியோவைப் போடச் சொன்னார்கள், போட்டேன். கடைசிப் பிடி மண் விழுந்து திரையில் நாலு கோடு ஓடியது. பிறகு பழைய துறைமுகத் தெருவில் ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு ஓடினான். தொடரின் முடிவுப் பாட்டு வந்து பெயர்கள் ஓடின. பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். லேபல் ஒட்டாத அவருடைய கசெற்தான் அது. அந்த மனிதனின் உயிருள்ள பதினொரு செக்கனை அழித்து, அதன் மேலேயே அவருடைய பெட்டியைப் பதிந்திருக்கிறேன்.

எல்லோரும் போனபிறகு அக்கா கேட்டார்.

"தம்பி, அதுக்கு மேலாலையோ எடுத்தனீர்?"

"ஓம் அக்கா."

"சரி. சாப்பிட்டிட்டுப் போம்."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்று கையைக் கழுவும்போது, அந்தப் பதினொரு செக்கனை எங்கேயிருந்தாவது கொண்டுவந்து தருவேன் என்று அவருக்குச் சத்தியம் பண்ணினேன். அக்கா துவாயை நீட்டினார்.

பழைய தொடர்கள் செத்துப்போவதில்லை, வீடு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாயிரத்து நாலில் இந்தத் தொடர் கேபிளில் ஒரு பழைய நாடகச் சனலுக்கு வந்தது. நாளுக்கு ஒன்று. எங்களுக்கு வேண்டியது அண்ணை வருகிற அறுபத்தேழாவது. கலண்டரில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தோம். அறுபத்தைந்தாவது சனிக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. உரிமை முடிந்துவிட்டதாம். மூன்று வருடம் கழித்து இன்னொரு சனல் வாங்கி, முதலாவதிலிருந்து தொடங்கி, நாற்பதோடு நிறுத்தியது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான். றொசான் இணையத்திலும் தேடினான். முதல் வருடத்துத் தொகுதி மட்டும் இருந்தது. மிச்சம் வெளிவருவதற்குள் தயாரித்த நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பிரெஞ்சுச் சனலொன்றில் அறுபத்தேழு வந்தேவிட்டது. நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அண்ணை அகப்பையைத் தூக்கினார், வாயைத் திறந்தார். ஏதோ ஒரு பிரெஞ்சுக்காரனின் குரல், "கவனம், சுடும்!" என்றது.

"வாய் அவரின்ர. குரல் ஆரின்ரயோ" என்றார் அக்கா.

நான் அதைப் பதிந்து கொடுத்தேன். சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார்ப்பார். அதுகூட நீடிக்கவில்லை. சீனி வருத்தம் முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் தின்றது. ஊசி போட்டார்கள், லேசர் அடித்தார்கள். இப்போது யன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். படம் இருந்தும் பயனில்லை. அக்காவுக்கு இனி அந்தக் குரல் மட்டும்தான் வேண்டும்.

ஒவ்வொரு நவம்பரும் செத்தவீட்டு வீடியோவைப் போடச் சொல்வார். நான் அதை டிவிடியில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். மண் போட்டபிறகு வருகிற அந்த ஓட்டத்தையும் பாட்டையும் வெட்டிவிடட்டோ என்று கேட்டேன்.

"விடும். அது அவரின்ர கசெற்தானே" என்றார். அந்தப் பாட்டு வரும்போது சிலுவை போட்டு, இறந்தவர்களுக்கான செபத்தைச் சொல்லி முடிப்பார். எனக்கு அவர் கொடுத்த ஒரே தண்டனை அதைப் பக்கத்தில் இருந்து கேட்பதுதான், அதுவும் தண்டனை என்று தெரியாமலே.

போன வருடம் இந்தத் தொடர் கேபிளையும் விட்டுவிட்டது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலிருந்து அன்ரெனாவுக்கு இலவசமாக வருகிற ஒரு பழைய நாடகச் சனலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில். அப்படியென்றால் அண்ணையின் குரலோடு. ஆனால் நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்ரென்ஷனில். மலை நடுவில் நின்று மறைக்கிறது. பல்கனியில் நான் கட்டிய அன்ரெனாவுக்குப் புறா மட்டும்தான் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் றொசான் வீட்டுக் கூரையில் பூட்டியபோது பளிச்சென்று எடுத்தது.

எனக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி அடுக்குகிற வேலை. காலையில் அக்கா போன் எடுப்பார்.

"இண்டைக்கு எத்தினையாவது?"

"ஐம்பத்திரண்டு அக்கா."

"நீர் பிழையா எண்ணிப்போடாதையும்."

அறுபத்தேழு ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு. நான் வேலைக்கு லீவு சொன்னேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மெற்றோ மாறினார். மடியில் றொசானுக்கு மீன் ரோல்ஸ். மகன் வேலைக்குப் போயிருந்தான், வீட்டுத் திறப்பை எனக்குத் தந்திருந்தான். அக்காவை ரிவிக்கு ஒரு முழத் தூரத்தில் இருத்தி, சத்தத்தைக் கூட்டினேன். பதிகிற மெசினும் டிவிடியும் தயார். இந்தமுறை லேபல் முன்னமே எழுதி ஒட்டியிருந்தேன்.

"இப்ப என்ன நடக்குது?"

"துப்பறியிறவர் கடைக்கு முன்னால வந்திட்டார் அக்கா. கதவைத் திறக்கிறார். இனிக் குசினிதான்."

விளம்பரம் போட்டார்கள். மூட்டுவலிக் குளிசை, காது கேட்கிற மெசின், விபத்துக்கு லோயர், திரும்பவும் மூட்டுவலிக் குளிசை. அக்கா செபமாலையை விரலில் சுற்றிப் பிடித்திருந்தார். விளம்பரம் முடிந்தது. துப்பறிபவர் காருக்குள் இருந்தார். கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு முந்திய நாடகத்துக்குள் இன்றைய விளம்பரம் அவ்வளவும் கொள்ளாது. அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நிமிடத்தை வெட்டி எறிகிறார்கள். கதைக்குத் தேவையில்லாததைத்தானே வெட்டுவார்கள்? கோப்பை கழுவுகிறவன் சூப்பை நக்கிப் பார்ப்பது யாருக்குத் தேவை? அந்த ரிவியைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அக்கா."

பத்து நிமிடம் போனது. திரும்பவும் கேட்டார். திரும்பவும் இன்னும் இல்லை என்றேன். அக்காவுக்குக் கண் தெரியாது. எனக்கோ அந்தக் குரல் வரும். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, ரிவிப் பக்கமாக முகத்தை வைத்துச் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். உப்பும் சிரிப்பும் தொண்டை வரைக்கும் வந்தன. ஒருமுறை அவருக்கு மேலால் பதிந்தவன் நான். இன்னொருமுறை செய்ய மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

திரையில் அந்த வெள்ளைக்காரன் துறைமுகத் தெருவில் ஓடினான். பாட்டுத் தொடங்கியது.

அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இருபத்தைந்து நவம்பர் கேட்ட பாட்டு.

"மண் போட்டு முடிஞ்சுது, என்ன தம்பி?" என்றார்.

"ஓம் அக்கா."

கையைத் தூக்கிச் சிலுவை போட்டார். இறந்தவர்களுக்கான செபத்தை முதல் சொல்லிலிருந்து தொடங்கினார். வெளியே நல்ல வெயில், ஜூன் மாதம். பக்கத்து வளவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தான். செபம் முடிந்ததும், சைவ சமயக்காரனான நான் ஆமென் சொன்னேன்.