கேரட் தொட்டியில் இறங்கிய கோபம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் வரவேற்பில் எட்டு மணி நேரம் சிரித்துவிட்டு, வில்பட்டிக்கு பஸ் பிடித்து வந்து, அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டில் கொட்டுவேன். ஒரு நாள் நான் கேட்டைத் திறந்த சத்தத்துக்கு உள்ளே டிவி சட்டென்று அணைந்தது. பத்தாவது படிக்கிற மகள் கணக்குப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். கையில் பேனாகூட இல்லை. நான் வந்தால் என் வீடு வாய் மூடிக்கொள்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"மாத்திரையெல்லாம் வேண்டாங்க. உடம்பு அசையிற மாதிரி, உங்களுக்குப் பிடிச்சதா ஏதாவது செய்யுங்க" என்றார் டாக்டரம்மா. பிடித்தது எது என்று யார் கண்டார்கள்? புது ஷூ வாங்கி ஏரியைச் சுற்றி நடந்தேன். இரண்டாம் நாளே லாட்ஜில் தங்கியிருந்தவர் ஒருவர் வழிமறித்து, "மேடம், ரூம்ல சுடுதண்ணி வரல" என்றார். செல்போனைப் பார்த்து யோகா செய்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தால் பால் தீயும் வாசம். ஆசனத்தில் இருந்தபடியே கத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து நின்றாள். அவள் தோட்டத்துக் கேரட் லாரி ஏற வேண்டும், கழுவ ஓர் ஆள் குறைகிறது. "வெரசா வாங்க மதினி, காலு இருந்தாப் போதும்."

தொட்டி நிறையக் கேரட், முழங்கால் வரை ஐஸ் தண்ணீர். மேலே கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு மிதித்து மண்ணைப் போக்க வேண்டும். ஆகா, இதுவல்லவா எனக்கான பயிற்சி! சுடுதண்ணீர்க்காரரை நினைத்து ஓங்கி மிதித்தேன். சடக், சடக். நாத்தனார் கையை விட்டுத் துழாவி, இரண்டாய்ப் போன கேரட்டுகளை எடுத்துக் காட்டினாள்.

"ஏன் மதினி, கழுவச் சொன்னா பொரியலுக்கு நறுக்குறீங்க? குதிகாலை ஊனாம உருட்டி விடுங்க. அதுவே ஒண்ணோட ஒண்ணு ஒரசி வெளுத்துரும்."

வெட்கமாகப் போயிற்று. ஒடிந்ததை வியாபாரி எடுக்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக உருட்டினேன். கூட மிதித்த பெண்கள் மாமியார் கதை பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் கடித்த பல் தானாக விட்டது. சேற்றுத் தண்ணீர் வடிந்து காலடியில் கேரட் பளிச்சென்று தெரிந்தபோது, காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

அதன்பின் ஞாயிறு தவறாமல் போனேன். ஷூவை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாலாவது ஞாயிறு, உடைந்த கேரட் ஒரு பையில், நாத்தனாரும் நானும் தெருவுக்கே கேட்கும்படி சிரித்துக்கொண்டு வந்தோம். கேட்டைத் திறந்தேன். டிவி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மா, இன்னிக்கு அல்வா பண்ணுவோமா?" என்றாள்.

பையோடு உள்ளே நடந்தபடி, "பண்ணுவோம். நீ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை, அடுப்படிக்குக் கேக்கணும்ல" என்றேன்.