இரண்டு பிளாக்ஜாக் மேஜையும் ஒரு வாணலியும்

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் பிஸ்கட்டவேயிலிருந்து கிளம்பினோம். மூன்று பேர்: நான், என் மனைவி வசந்தா, அவளுடைய தம்பி செந்தில். கார் செந்திலுடையது. டோல் செந்திலுடையது. முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னது மட்டும் நான். அதையும் போனுக்குள் இருக்கும் பெண் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

போகிற இடம் அட்லாண்டிக் சிட்டி, கடலோரச் சூதாட்ட ஊர். தொண்ணூறு மைலுக்குக் கொஞ்சம் மேலே. பார்க்வே என்கிற நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் பாதி வழிக்கு மேல் இரண்டு பக்கமும் பைன் மரம்தான். அப்புறம் திடீரென்று மரம் தீர்ந்துபோய் சதுப்பு நிலம், அதற்கு அந்தப் பக்கம் தண்ணீரிலிருந்து முளைத்த மாதிரி உயர உயரமாய்க் கட்டடங்கள். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் வாய் திறந்துகொள்ளும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு இந்தியக் கடையின் பின்பக்கச் சமையற்கட்டில் வடை போடுகிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தேன். அதனால் அந்த ஒரு வகுப்பு எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். செந்தில் ஐ.டி. கம்பெனிக்காரன். பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டத்தில் எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கலர் கலராய்க் கட்டம் போட்ட ஒரு அட்டையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அதை மேஜையிலேயே வைத்துப் பார்த்து ஆடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பரீட்சையில் இப்படி விட்டிருந்தால் நான் ஒன்பதாவது போயிருப்பேன்.

இந்தப் பயணம் சூதாட அல்ல, ஒரு ரூமுக்காக. நாங்கள் குடியிருப்பது பேஸ்மென்டில். ஒரே ஜன்னல், அதுவும் கூரையை ஒட்டி. அதில் தெரிவது மேல் வீட்டுக்காரர் காரின் பின் டயர். வசந்தா ராயபுரத்துப் பெண். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் வளர்ந்தும் அவள் வீட்டு ஜன்னலில் கடல் தெரிந்ததில்லை, நடுவில் ஒரு ஐஸ் பேக்டரி. அன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். ஒரு ராத்திரியாவது கடல் தெரிகிற ரூமில் அவளைத் தங்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கண்டிஷன்.

"காசு குடுத்து தூங்கறதுக்கு நான் என்ன லூசா? ஓசில குடுத்தா வரேன்."

கேசினோக்காரர்கள் ஓசியில் கொடுப்பார்கள். அவர்கள் கொடுக்கிற மெம்பர் கார்டைத் தேய்த்துவிட்டு ஆடினால், ஆடுகிற அளவைப் பார்த்து காபி, சாப்பாடு, பார்க்கிங், ரூம் என்று தருவார்கள். இதற்கு 'காம்ப்' என்று பெயர். அதைத்தான் நம்பி வந்தேன். வசந்தா நம்பவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. கிடைக்கலேன்னா கிளம்பிடலாம். அரிசி உளுந்து ஊற வெச்சிட்டுதான் வந்திருக்கேன்."

"பாத்தியாடா செந்திலு, உங்க அக்காவுக்கு என் மேல எவ்ளோ நம்பிக்கை."

"மாமா, அக்கா ரெண்டு படி ஊற வெச்சிருக்கு. அது நம்பிக்கை இல்ல, கேரண்டி."

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கேசினோக்களின் பெயரை எழுதப் போவதில்லை, நாங்கள் கூப்பிடுகிற பெயரையே சொல்கிறேன்: பழசு, தங்கம், கண்ணாடி. மூன்றும் கடலோரப் பலகைப் பாதையில் வரிசையாய் இருப்பவை. பழசில் கார்டு இருந்தால் பார்க்கிங் சும்மா, மற்ற இரண்டிலும் பத்து டாலர். அதனால் காரை அங்கேயே விட்டோம். வசந்தா அங்கேயே இறங்கிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய் எல்லாத்தையும் அளந்துட்டு வாங்க. எனக்கு இங்க சேர் நல்லா இருக்கு. இன்னிக்கு கார்டு வெச்சிருக்கறவங்களுக்கு வாணலி வேற குடுக்கறாங்க."

நாங்கள் வரும்போதெல்லாம் அவளுக்குப் பழசில் ஒரு மூலையில் ஒரு ஸ்லாட் மெஷின். இருபது டாலரைப் போட்டுவிட்டு, கீரை ஆய்கிற நிதானத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பாள். வந்ததைத் திரும்ப ஆடுவாள். இருபதும் போனால் போதும் என்று எழுந்திருப்பாள், பல நாள் அது தீராததால் எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

முதலில் தங்கம். உள்ளே நுழைந்தால் தரை, தூண், கூரை எல்லாம் பளபள. என் செருப்புக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கைக்குக் குறைந்தது பதினைந்து டாலர் வைக்கிற மேஜையில் உட்கார்ந்தேன்.

பிளாக்ஜாக் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது, சீட்டுப் போடுகிற டீலரைவிட நம் கூட்டுத்தொகை பெரிதாக இருக்க வேண்டும். முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாய் (ராஜாவும் பத்துதான்) விழுந்தால் அதுதான் பிளாக்ஜாக், அதற்குக் கூடுதலாய்த் தருவார்கள். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். பதினைந்து வைத்தால் நல்ல மேஜையில் இருபத்திரண்டரை வரும். தங்கத்தில் பதினெட்டுதான். மேஜை விரிப்பிலேயே 6:5 என்று அச்சடித்திருக்கிறது, ஏமாற்று வேலை இல்லை. படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்ளலாம்.

"மாமா, இது சரிப்படாது. எழுந்திருங்க."

"இரு, காபி சொல்லியிருக்கேன்."

காபி வர அரை மணி ஆனது. ஆனால் காபி கொண்டுவந்த அம்மா என் தோளைத் தொட்டு "ஹனி" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டிப்ஸ் இரண்டு டாலர். ரூம் பற்றி ஒரு சூப்பர்வைசரைக் கேட்டோம். என் ஆட்டத்துக்கு காபி உண்டு என்று மரியாதையாய்ச் சொன்னார். அதைத்தான் குடித்துவிட்டேனே.

பலகைப் பாதையில் நடந்தோம். கண்ணாடிக்கு முக்கால் மைல். கால் வலிக்கிறவர்களைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஏற ஆசை. செந்தில் விலையைப் பார்த்தான், நடந்தோம். உருளைக்கிழங்கு வறுவலில் வினிகர் ஊற்றி விற்கிற கடை ஒன்று. தொழில்முறையில் நின்று பார்த்தேன், எண்ணெய் நல்ல எண்ணெய், ஒரு பொட்டலம் வாங்கினேன். ஒரு கடற்பறவை வந்து என் கையிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு கார்டே தேவைப்படவில்லை.

கண்ணாடியில் குறைந்தது இருபத்தைந்து டாலர். ஆனால் சட்டதிட்டம் எல்லாம் ஆட்டக்காரனுக்குச் சாதகம். பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்கு. கை மோசமாய் வந்தால் பாதிப் பணத்தோடு சரணடைந்துவிடலாம். பதினேழு வந்தால் டீலர் நின்றுவிட வேண்டும், இன்னொரு சீட்டு எடுத்து நம்மைத் தோற்கடிக்க முயலக் கூடாது. செந்தில் அட்டையைப் பார்த்து, "இதவிட நல்ல டேபிள் இந்த ஊர்ல இல்ல மாமா" என்றான்.

டீலர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், சட்டையில் ரூத் என்ற பெயர்ப் பட்டை. அந்தக் கையைப் பார்க்கவே தொண்ணூறு மைல் வரலாம். சீட்டு ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் போய் உட்காருகிறது, வாழை இலையில் பழகினவர் பரிமாறுகிற மாதிரி.

முதல் கையே எனக்கு ஏஸும் ராஜாவும். சந்தோஷத்தில், பந்தய வட்டத்துக்குள் பணத்துக்குப் பதிலாய் வைத்திருந்த சிப்பை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். முதல் போணி அல்லவா. கடையில் முதல் வடை விற்ற காசையும் நான் அப்படித்தான் செய்வேன்.

ரூத் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ஆட்டம் நின்றது. கோட் போட்ட ஒருவர் வந்தார். சீட்டு விழுந்த பிறகு பந்தயப் பணத்தைத் தொடவே கூடாதாம், கூடக் கொஞ்சம் சேர்த்து வைத்து ஏமாற்றுகிறவன் செய்கிற வேலையாம் அது. கூரையில் இருந்த அத்தனை கேமராவும் என் கண்ணையே பார்த்திருக்கும்.

"சார், இட்ஸ் அவர் கஸ்டம் சார், லக்குக்காக" என்று செந்தில் விளக்கினான். பதற்றத்தில் அவனுக்கும் தமிழ் கலந்துவிட்டது. கோட்காரர் மேலே போன் போட்டுப் பேசினார், தலையசைத்தார். ரூத் முப்பத்தேழரை டாலரை எண்ணி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, தன் இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுக் காட்டி, "நவ்" என்றார். இப்போது ஒற்றிக்கொள்ளலாமாம். எழுந்து நின்று ஒற்றிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி வெள்ளைக்காரரும் தன் சிப்பைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

இரண்டரை மணி நேரம் ஆடினேன். வசந்தா கொடுத்தனுப்பிய நூறு டாலர் அந்த முப்பத்தேழரையோடு சேர்ந்து அழகாய்ப் போய்ச் சேர்ந்தது. ரூம் கேட்டேன். கோட்காரர் கணக்கைத் தட்டிப் பார்த்து, சாண்ட்விச்சுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார். ஆட்டக்காரனுக்கு நல்ல சட்டம் வைத்திருக்கிற மேஜையில் கடைக்கு லாபம் குறைவு, அதனால் ஓசியும் குறைவு என்று செந்தில் வழியில் விளக்கினான். நியாயமாகத்தான் பட்டது. சாண்ட்விச்சும் நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு ஜன்னல் இல்லை.

நாலரை மணிக்குப் பழசுக்குத் திரும்பினோம். வசந்தா மடியில் ஒரு அட்டைப் பெட்டி.

"வாணலி வாங்கிட்டியா?"

"நல்ல கனம். கண்ணாடி மூடி வேற. உங்களுக்கு ரூம் கிடைச்சுதா?"

"சாண்ட்விச் கிடைச்சுது."

"சரி, கிளம்பலாம். செந்திலு, காரை எடுடா."

"வேற எதுவும் குடுக்கலியாக்கா உனக்கு?" என்று செந்தில் விளையாட்டாய்க் கேட்டான்.

"ரூம் வேணுமான்னு கேட்டா, வாணலி குடுத்த பொண்ணு. வேணாம்னுட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் நடுவழியில் நின்றோம். பின்னால் வந்த வீல்சேர் தாத்தா எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஓசி ரூமா?"

"ஓசிதான்னு சொன்னா."

"ஏன் வேணாம்னே?"

"எடுத்தவுடனே யாராச்சும் சரின்னு சொல்லுவாங்களா? அல்பம்னு நினைக்க மாட்டாளா? இன்னொரு தரம் கேப்பான்னு நின்னு பாத்தேன். கேக்கல. அடுத்த ஆளக் கூப்டுட்டா."

நான் அவளைத் திட்டவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி மூன்றாவது தரம் குடிக்கிறவன்தான் நானும்.

"அக்கா, இந்த ஊர்ல ஒரு தரம்தான் கேப்பாங்க" என்றான் செந்தில்.

"அதான் எல்லாரும் இளைச்சுப் போயிருக்காங்க."

கவுன்டருக்கு ஓடினோம். டெனிஸ் என்று பெயர் போட்டிருந்த அதே பெண். நான் பேச ஆரம்பித்தேன். கார்டு யாருடையதோ அவர்தான் கேட்க வேண்டும் என்றாள். ஆயுளில் யாரிடமும் எதையும் கேட்காத வசந்தா முன்னால் வந்தாள். வாணலிப் பெட்டியைக் கவுன்டரில் வைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"மேடம். ப்ளீஸ். ஆஸ்க் மீ அகைன்."

டெனிஸுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. செந்தில் ஆங்கிலத்தில் விளக்கியதும் சிரித்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. கீழே உருட்டிக்கொண்டே போனாள். கடல் பக்கம் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறதாம். பிறகு முதுகை நிமிர்த்தி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, எங்களை அப்போதுதான் முதல் தரம் பார்க்கிற மாதிரி கேட்டாள்: "இன்றைக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு ரூம் வேண்டுமா, மேடம்?"

வசந்தாவின் தலை பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று அசையத் தொடங்கியது. செந்திலும் நானும் கவுன்டரைப் பிடித்துக்கொண்டோம்.

"யெஸ்" என்றாள் வசந்தா. பிறகு, "ஃப்ரீ?"

ஃப்ரீ என்றாள் டெனிஸ். வசந்தா மூன்று தரம் கேட்டாள், டெனிஸ் மூன்று தரமும் சொன்னாள்.

விஷயம் இதுதான்: மெஷினில் எவ்வளவு தோற்றோம் என்று பார்ப்பதில்லையாம், எவ்வளவு ஓடவிட்டோம் என்றுதான் பார்க்கிறார்களாம். இருபது டாலரையே திருப்பித் திருப்பி ஆடி, ஒரு வருஷமாய் வசந்தா பாயின்ட்டைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள். நான் கலர் அட்டை வைத்துக்கொண்டு அறிவோடு தோற்றுக்கொண்டிருந்தேன்.

"கூட வருகிறவர்?" என்று டெனிஸ் என்னைக் காட்டினாள்.

"ஹஸ்பண்ட்" என்றாள் வசந்தா. "மை கெஸ்ட்."

"நான் போய் மாவ ஆட்டிடறேன்கா" என்று செந்தில் கிளம்பினான். இரண்டு படி மாவு ஆட்டுகிற சாப்ட்வேர் ஆள் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

பதினான்காவது மாடி. விரிப்பு கொஞ்சம் பழையது, குழாயில் வெந்நீர் வரச் சற்று நேரமாகும். வசந்தா பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, நேரே ஜன்னலுக்குப் போய் இரண்டு கையாலும் திரையை விலக்கினாள். முழுக்கக் கடல். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அலை வருவதும் போவதுமாய் இருந்தது. நான் பேசவில்லை. அதுவே ஒரு பரிசு என்று பிறகு சொன்னாள்.

யாராவது போவதானால் என் சிபாரிசு இது. பார்க்கத் தங்கம், ஆடக் கண்ணாடி, தூங்கப் பழசு. ரூத்தைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் விசாரித்தான் என்று சொல்லுங்கள்.

மறுநாள் பஸ்ஸும் ரயிலுமாய் மாறி மாறி வீடு வந்து சேர மத்தியானம் ஆனது. வசந்தா வாணலியை அடுப்பில் வைத்தாள். பிறகு ஸ்டூலில் ஏறி, கூரையை ஒட்டிய ஜன்னலின் திரையை, அதே மாதிரி, இரண்டு கையாலும் விலக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. மேல் வீட்ல சொல்லிட்டு வாங்க" என்றாள்.