இடது ஓரத்து விசில்

மரக்காணம்–பாண்டி பஸ்ஸில் அவர் கண்டக்டராக இருந்தார். நரைத்த மீசை. விசிலை எப்போதும் வாயின் இடது ஓரத்தில் வைத்துத்தான் ஊதுவார். முகமே ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அது அவருடைய ஸ்டைல் என்றே நினைத்திருந்தேன்.

பல்வலியை மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்த நான், கன்னம் கண்வரை வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகுதான் பாண்டியில் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. கோட்டக்குப்பத்தில், ஸ்டாப்பிங்கே இல்லாத இடத்தில் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். எதிரே பல் ஆஸ்பத்திரி.

"எறங்குங்க. இந்த வீக்கத்தோட பாண்டியில போய் அலையாதீங்க. உடனே காட்டிடுங்க."

"ஆஸ்பத்திரி இங்க இருக்கறது எப்படித் தெரியும்?"

வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "தெனமும் இந்த போர்டைப் பாத்துக்கிட்டேதான் போறேன். இந்தப் பக்கம் விசில் பட்டாலே உயிர் போவுதுங்க."

"அப்போ நீங்களும் வாங்களேன்."

"நான் எறங்கிட்டா வண்டிக்கு யாரு விசில் குடுக்கறது?"

சிரித்தபடியே இடது ஓரத்தில் ஊதினார். பஸ் போய்விட்டது.

அன்றே என் வலி தீர்ந்தது. அவரைப் பிறகு வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போதும் பஸ்ஸில் விசில் கேட்டால், வாயின் எந்த ஓரம் என்று திரும்பிப் பார்க்கிறேன்.