அங்கே இருந்திருந்தால்

திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் சபிஹாவின் டைப்பிங் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் கடை. பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தாள். கணவர் மீரான் செம்பட்டி ரூட்டில் மினி பஸ் ஓட்டுகிறார். தமிழில் இருக்கும் வாக்குமூலங்களை இங்கிலீஷாக்கி, மதுரை மேல்கோர்ட்டுக்குப் போகிற மாதிரி டைப் செய்து கொடுப்பதில் அவளுக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். சபிஹா கை பட்ட பேப்பரைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம், எரியோட்டிலிருந்து பவித்ரா என்ற பெண் வந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். கையில் மதுரைக் கோர்ட் உத்தரவின் நகல். ஜாமீன் இல்லை என்று வக்கீல் போனிலேயே சொல்லிவிட்டாராம். ஏன் இல்லை என்று அம்மா கேட்கிறாள், ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றாள்.

அவளுடைய அப்பா மொக்கைச்சாமி மேல் கொலைக் கேஸ். பக்கத்துத் தோட்டத்துக் கருப்பணனுக்கும் அவருக்கும் பொதுக் கிணறு. பாதைத் தகராறில் இரண்டு பேரும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் கருப்பணன் கிணற்றுக்குள் பிணமாகக் கிடந்தார். மொக்கைச்சாமிதான் தள்ளிவிட்டார் என்று கருப்பணனின் தம்பி புகார் கொடுத்தார். தான் அந்த நேரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு போயிருந்ததாக மொக்கைச்சாமி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சிறைக்குப் போய் ஐம்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

சபிஹா உத்தரவைப் படித்துக்கொண்டே தமிழில் அடித்தாள். மூன்றாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஜாமீன் மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாக, செத்துப்போனவரின் மனைவி சுந்தரம்மாள் போலீஸில் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மொக்கைச்சாமி சம்பவ இடத்தில் இல்லை என்று அந்த அம்மாளே சொல்லவில்லை, இருந்திருக்கக்கூடும் என்றுதான் அவர் பேச்சு போகிறது என்று அதன் கீழே எழுதியிருந்தது.

அந்த இங்கிலீஷ் வாக்கியம் சபிஹா எழுதியது.

பவித்ராவை உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்தாள். சுந்தரம்மாள் சொன்னது இதுதான்: "மொக்கைச்சாமி அங்க இருந்திருந்தா, கயித்தப் போட்டாவது அவரைத் தூக்கியிருப்பாரு." அதற்கு நேராக அவள் 'இஃப் மொக்கைச்சாமி வாஸ் தேர்' என்று ஆரம்பித்திருந்தாள். 'ஹாட் பீன் தேர்' என்று இருக்க வேண்டிய இடம். இருந்திருந்தால் என்று சொல்லும்போதே ஆள் அங்கே இல்லை என்பது அதில் அடங்கிவிடுகிறது. 'வாஸ்' போட்டதும் அது போய்விட்டது. இருந்தாரோ இல்லையோ, இருந்தாரென்றால் தூக்குவார் என்று ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்க் குறைக்கிற தப்பு. அன்றைக்கு முப்பத்தொரு பக்கம். மதுரை பஸ்ஸைப் பிடிக்க வக்கீலின் ஜூனியர் வாசலில் வண்டியை ஆஃப் செய்யாமல் நின்றது இப்போது ஞாபகம் வந்தது.

"என்னக்கா, பெரிய தப்பா எதும் எழுதியிருக்காங்களா?" என்றாள் பவித்ரா.

கரண்ட் வந்து வந்து போகிறது, நாளைக்கு வாம்மா என்று சபிஹா சொல்லி அனுப்பிவிட்டாள். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மீரானிடம் சொன்னாள். அவர் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். தமிழ்க் காப்பியும் கூடவேதானே போயிருக்கிறது, கோர்ட்டில் பார்த்திருக்க வேண்டியதுதானே என்றார். இதைச் சொன்னால் நாளைக்கு ஒரு வக்கீலும் உன் கடைப் படியேற மாட்டான் என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சபிஹா பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

காலையில் கடையைத் திறக்காமல் நேராக வக்கீல் ஆண்டனிராஜ் ஆபீஸுக்குப் போனாள். அவர்தான் மொக்கைச்சாமியின் வக்கீல். தமிழ், இங்கிலீஷ் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பு என்னுடையது சார் என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது. அவரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால்தானோ என்னவோ குரலை உயர்த்தவில்லை. புது மனு போடும்போது சத்தமில்லாமல் சரியான மொழிபெயர்ப்பை வைத்துவிடலாம் என்றார்.

"வச்சா, ஜாமீனுக்காக வாசகத்தை மாத்திட்டோம்னு எதிர்த்தரப்புல சொல்ல மாட்டாங்களா சார்?"

சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும். பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"தப்பா எழுதுனது நான்தான்னு எம் பேர்லயே அஃபிடவிட் போட்டுருங்க" என்றாள் சபிஹா.

பதினொரு மணிக்குப் பவித்ரா கடைக்கு வந்தாள். சபிஹா அவளிடமும் மறைக்கவில்லை. தமிழ் வாக்கியத்தையும் இங்கிலீஷ் வாக்கியத்தையும் விரல் வைத்துக் காட்டிச் சொன்னாள். பவித்ரா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. அந்த ஒற்றை வார்த்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா, அப்பா அப்பவே வந்திருப்பாரா?"

"தெரியலம்மா. வந்திருக்கலாம்."

உத்தரவில் வேறு காரணங்களும் இருந்தன. அதைச் சொல்லித் தப்பிக்க சபிஹாவுக்கு வாய் வரவில்லை. பவித்ரா தாள்களை எடுத்துக்கொண்டு, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

புது மனு எட்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்தது. கூப்பிட்டால் நிற்க ஆள் வேண்டும் என்று ஆண்டனிராஜ் சொன்னதால் சபிஹாவும் காலையிலேயே மதுரை பஸ் ஏறினாள். சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் அஃபிடவிட்டை நான்கு தடவை படித்துவிட்டாள். அதில் ஒரு தப்பு இருந்துவிட்டால் என்ற நினைப்பு விடவேயில்லை. கோர்ட் ஹாலில் பின்வரிசையில் பவித்ரா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு மொழிபெயர்ப்புக்கும் ஒரே அர்த்தம்தான், முதலில் மறுக்கப்பட்டதால் வார்த்தையைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார் அரசு வக்கீல். நீதிபதி வெளிமாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

சபிஹா எழுந்து முன்னால் போனாள். முதல் மொழிபெயர்ப்பையும் நீங்கள்தான் செய்தீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றாள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்றார். அவசரத்தில் எழுதினேன், திரும்பப் படித்துப் பார்க்கவில்லை என்றாள். அடுத்து என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்ததைத் தன்னுடைய இங்கிலீஷில் சொன்னாள். தமிழில் 'இருந்திருந்தால்' என்பதை, அந்த இடத்தில் இல்லாத ஆளைப் பற்றித்தான் சொல்வார்கள். என்னை நம்ப வேண்டாம் ஐயா, தமிழ் தெரிந்த யாரை வேண்டுமானாலும் அந்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்தார். நீங்களே படியுங்கள் என்றார்.

அரசு வக்கீல் தாளை எடுத்தார். மூக்கைச் சொறிந்துகொண்டு, சத்தமாகவே படித்தார். "மொக்கைச்சாமி அங்க இருந்திருந்தா, கயித்தப் போட்டாவது அவரைத் தூக்கியிருப்பாரு." அந்த ஆள் நேர்மையானவர்தான். இதற்கு மேல் இந்த வரியைப் பற்றி நான் வற்புறுத்தவில்லை, மற்றதெல்லாம் வழக்கு விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகள் பக்கம் போகக்கூடாது என்று நிபந்தனை. நீதிபதி சபிஹாவைப் பற்றியும் ஒரு வரி எழுதினார். இந்த மாதிரிக் கவனக்குறைவு ஒரு மனிதனின் சுதந்திரத்தோடு விளையாடுவது என்று. அதை அவளே பிறகு வாங்கிப் படித்தாள். மொக்கைச்சாமி வெளியே வந்தது அறுபத்திரண்டாம் நாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆண்டனிராஜ் ஆபீஸிலிருந்து ஒரு தாளும் வரவில்லை. மற்ற வக்கீல்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். மீரான் சொல்லிக்காட்டவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை வைத்துக் கடை நடந்தது. பவித்ரா கேஸ் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவதை சபிஹா நாலைந்து தடவை பார்த்தாள். ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடத் தோன்றவில்லை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில், வெள்ளை வேட்டியில் ஒல்லியான ஒரு மனிதர் கடை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"எரியோட்டு மொக்கைச்சாமி. அந்த இங்கிலீசு எழுதுனது நீதானம்மா?"

சபிஹா எழுந்து நின்றாள். ஆமாங்கய்யா என்றாள். எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். சிறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, கருப்பணன் விழுந்த இடத்தில் மண் இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது, பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றார். தமிழிலேயே அடித்தால் போதும். மகளுக்கு இங்கே வந்தது தெரியாது, தெரிந்தால் கோபிப்பாள் என்றும் சொன்னார்.

அவள் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி முடிந்ததும் திரும்பி அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போனாள்.