கலங்கலில் கட்டியிருந்த மூங்கில்

அந்த மூங்கிலை அவிழ்த்தது நான்தான். வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அப்படியே நம்பட்டும் என்று விட்டவனும் நான்தான்.

உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஏரியின் கலங்கல். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்தக் கல்வரிசைமேல் முழங்காலளவு வழிந்தோடும். சேரிக்காரர்கள் அதில் இறங்கித்தான் வேலைக்கு வரவேண்டும். வயதானவர்கள் பிடித்து நடக்க, கரைக்குக் கரை முளையடித்து மூங்கில் கட்டியிருந்தார்கள். கட்டியது அவர்களே. ஊர் ஒரு கயிறுகூடத் தந்ததில்லை.

நான் கல்லூரி முடித்து வந்து வாலிபர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். முதியோர் பாதுகாப்பு என்று கூட்டம் போட்டேன். கல்லில் பாசி, மூங்கில் பழசு, அவர்களுக்கோ கண் தெரியாது. அதனால் மழை முடியும்வரை கிழவர்கள் யாரும் கலங்கலைக் கடக்கக் கூடாது, கஞ்சி அவர்கள் குடிசைக்கே வரும் என்று பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். சொல் கேட்காமல் கடந்துவிடுவார்களே என்று, மறுநாள் விடியற்காலையில் மூங்கிலை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டேன்.

எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் சேரியில் தனியாக இருந்தார். என் அப்பாவைவிட மூத்தவர். எங்கள் மாட்டுக் கொட்டகையில் மத்தியானம் ஊற்றும் கஞ்சிதான் அவருக்குச் சாப்பாடு.

"மெய்யாலுமே வருமா நைனா?" என்று கேட்டிருந்தார்.

"வரும். நீ வெளிய வராம கெட" என்றேன்.

சேரிக்குள் கஞ்சி சுமந்து போக ஊரில் யாரும் முன்வரவில்லை. அது எங்கள் வழக்கத்தில் கிடையாது. கைதட்டியவர்களில் ஒருவனுக்கு நடவு, ஒருவனுக்குக் காய்ச்சல். நானே கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கலங்கல்வரை போனேன். கரையில் என் மாமா நின்றிருந்தார்.

"இன்னாடா, பட்டணத்துல படிச்சது இவனுங்களுக்குக் கஞ்சி தூக்கவா?"

திரும்பிவிட்டேன். மறுநாள் போகவேயில்லை.

பசி தாங்காமல் பெரியவர் தண்ணீரில் இறங்கினார். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை.

புது மூங்கில் வாங்கி நானே கட்டினேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்றது ஊர். மாமா பார்க்கவே கஞ்சியும் கொண்டுபோனேன். அம்மா தடுக்கவில்லை, ஆனால் எடுத்துப் போகும் பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது என்று, கொட்டகையிலிருந்து ஒரு குண்டானைக் கழுவித் தந்தாள்.

குடிசையில் உட்கார்ந்து, மூங்கிலை அவிழ்த்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் நைனா. கஞ்சிய ஊத்து, ஆறிக்கினு கீது."

ஊற்றப் போனேன். அவர் கை நீட்டிக் குண்டானின் விளிம்பைத் தடவினார்.

"இது நம்ம செவப்பி மாட்டுக்குத் தவிடு கரைக்கிறதாச்சே. இந்த நசுங்கல் அவ ஒதைச்சது." சிரித்தார். "பரவால்ல. அவ ஒண்ணும் நோவுல வுழலியே."

ஊற்றினேன். அவர் முழுதும் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை பிறக்குமுன் இறந்துபோனார். அதுவரை ஒருநாள்கூட விடாமல் கஞ்சி கொண்டுபோனேன். அந்தக் குண்டானில்தான்.