கதவுக்குள் உப்பு வைத்தவன்

என் காரின் கதவு துருப்பிடித்ததற்கு ஹட்டன் மழை காரணமல்ல. நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும்.

போன வருஷம் காருக்குள்ளேயே என் மனைவியை அட்டை கடித்தது. எங்கிருந்து ஏறியது? குனிந்து பார்த்தேன். இடப்பக்கக் கதவின் அடி விளிம்பில் மூன்று சிறு துளைகள். அட்டைக்கு நம் ஊரில் மருந்து என்ன? உப்பும் சவர்க்காரமும். இரண்டையும் பிசைந்து அடைத்தேன். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடியத்தான் அந்தத் துளைகள் என்று, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை...

சில மாதங்களில் கதவின் அடியில் பெயின்ட் கொப்பளித்தது. டவுனில் டிங்கர் வேலை செய்யும் செல்வா பாஸிடம் விட்டேன். ஒரே நாளில் பளபளவென்று திருப்பித் தந்தார்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் மனைவியைப் பாடசாலைக்குக் கூட்டிப் போனேன். ஒரு வளைவில் 'டக்' என்று சத்தம். கீழ்க் கீல் பிய்ந்து, கதவு திறந்து வெளியே தொங்கியது. அவளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்தது சீட் பெல்ட் மட்டும்.

கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நேரே பாஸிடம் போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் அடியில் குத்தினார். பெயின்டுக்கு அடியில் அப்பியிருந்த பேஸ்ட் பிஸ்கட் போல உதிர்ந்தது. உள்ளே தகடே இல்லை.

"இரும்பு எங்க பாஸ்?"

"அது அப்பவே இல்லீங்க சேர்."

"தெரிஞ்சுக்கிட்டேவா பேஸ்ட் அப்பி பெயின்ட் அடிச்சீங்க?"

"வெட்டிட்டு புதுத் தகடு வைக்கணும்னா ஒரு கெழம ஆகும். நீங்கதானே ஞாயித்துக்கெழம கல்யாண வீடு, பளிச்சுனு இருக்கணும்னீங்க." பிறகு மெதுவாக, "உள்ள உப்பு வச்சது யாருங்க?"

 

உப்பு வைத்தது என் முட்டாள்தனம் — சரி. ஆனால் ஓட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு, மேலே மெழுகி, சாவியை நீட்டுவதற்கு என்ன பெயர்? 'இந்தக் கதவு பாதுகாப்பில்லை' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லவும் ஒரு கிழமை ஆகுமா? நம் பக்கம் எல்லாமே இப்படித்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். துரு கேட்பது வெட்டு. நாம் கொடுப்பது பூச்சு.

இம்முறை அந்த ஒரு கிழமையும் தினம் போய்ப் பக்கத்திலேயே நின்றேன். அழுகியதை வெட்டியெறிந்து, தகடு வைத்து வெல்டிங் செய்து, கீலைப் புதிதாகப் பூட்டினார். உள்பக்கம் துருத்தடுப்புப் பெயின்ட், அதன்மேல் கிரீஸ். துளைகள் திறந்தபடி.

கார் வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. "உயிர் போற விஷயத்த மறைச்சிருக்கானே அந்த ஆளு" என்று கத்தினேன்.

பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"அந்தக் கதவு ரெண்டு மாசமா கிறீச் கிறீச்சுன்னு கத்துச்சு. நானும் சொன்னேன். நீங்க ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சீங்க."